ஒன்பதாவது ரிவெட்

தம்பி நிரோஜன்,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் காருக்கு அடியில் போய்ப் படுத்தேன். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கவில்லை, முகம் கழுவவில்லை. ட்ரக்டர் கொட்டிலுக்குள் போய், காரை மூடியிருந்த தறப்பாளை ஒரு பக்கம் ஒதுக்கி, இரண்டு உரப்பைகளை நிலத்தில் விரித்து, மல்லாந்து படுத்து, முழங்கையால் உந்தி உந்தி இடது பின் சில்லுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். நாற்பத்தாறு வயதில் அது சுலபமான வேலை இல்லை; தோள்மூட்டு இப்போதும் நோகிறது. போனின் வெளிச்சத்தை அடித்து, பின் ஸ்பிரிங் பட்டையின் முன் நுனி காரின் உடம்போடு சேரும் இடத்தைக் கையால் தடவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. நீ புதுத் தகடு வைத்து வெல்ட் பிடித்து, தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்த இடம் வழவழப்பாக இருந்தது. உன் வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைத் தடவிக்கொண்டு அங்கேயே கிடந்தேன். உன் அப்பா வெளியில் வந்தவர் என் கால்களைக் கண்டுவிட்டார். "என்னப்பா, எண்ணெய் மாத்துறீரோ?" என்று கேட்டார். தோட்டுச் சுரை கழன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றேன். அவர் குனிந்து தானும் தேடத் தொடங்கிவிட்டார். என் காதில் இரண்டு தோடும் இருந்தன.

பொய் எனக்கு அப்படித்தான் வரும், கேட்ட மாத்திரத்தில். அதனால்தான் இதை வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதும்போது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் என்னை நானே பிடித்துக்கொள்ளலாம். நீ மெடிக்கலுக்காகக் கொழும்பில் நிற்கிறாய். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். வருகிற வியாழக்கிழமை கத்தாருக்குப் போய்விடுவாய்; அங்கே ஒரு கராஜில் வரிசையாக வந்து நிற்கும் பஸ்களுக்கு பிரேக் பார்ப்பாய். போவது பிழை இல்லை. துணுக்காயில் எங்கள் வீதியில் பிள்ளை வெளியில் இல்லாத வீடு குறைவு. ஆனால் நீ போவதற்குச் சொன்ன காரணத்தை என்னால் விழுங்க முடியவில்லை. "இந்தப் பழங்கார் வேலைக்கு நான் சரிவரமாட்டன் அம்மா. ஆசை கூடிப்போச்சு. இல்லாததை இருக்கெண்டு கண்டிட்டன்" என்றாய். நீ இல்லாத எதையும் காணவில்லை, தம்பி. இருந்ததைத்தான் கண்டாய். அதை இல்லாமல் செய்தது நான்.

உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ வேறு ஆட்களுக்கும் காட்ட வேண்டி வரும். அந்த லான்சர் காரை நீ பூவரசங்குளத்தில் ஒரு வளவில், மரமுந்திரிகை மரத்தின் கீழ் கண்டுபிடித்தாய். பின் சீற்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் தண்ணீர்ப் பம்பைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்ததற்கு அவர் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போ என்றார். "இது ரேஸ் ஓடின கார் தம்பி. என்ன ரேஸ், ஆர் ஓடினது எண்டு என்னைக் கேளாதை" என்று மட்டும் சொன்னாராம். வந்த முதல் நாளே நீ அவர் சொன்னது சரி என்று கண்டுகொண்டாய். முன் பக்கத்தில் மேலதிக விளக்குகள் பூட்டிய துளைகள் இருந்தன. தகடுகள் சேரும் விளிம்பெல்லாம் இரண்டாம் தரம் வெல்ட் பிடிக்கப்பட்டிருந்தது. டிக்கிக்குள் இரண்டு மேலதிகச் சில்லுகள் வைக்கும் கொளுவிகள். இடது பக்க ஆசனத்துக்கு முன்னால், வரைபடம் பார்ப்பதற்கு ஒரு சின்ன விளக்குப் பூட்டிய இரண்டு திருகாணித் துளைகள். நீ ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டுப் பிரித்தாய். இடது பக்கம் "கண்டது". வலது பக்கம் "நினைக்கிறது". ஒருநாள் நான் உற்சாகத்தில் எதையோ இடது பக்கத்தில் எழுதப்போக, பேனையைப் பிடித்து நிறுத்தினாய். "அம்மா, அது நாங்கள் நினைக்கிறது. இன்னும் காணேல்லை."

ஜப்பான்காரரின் பழைய உதிரிப்பாகப் புத்தகத்தை இணையத்தில் தேடி எடுத்தது நீ. அதன் ஆங்கிலப் பிரதியை வாசித்துச் சொன்னது நான். கதவு ரப்பருக்கு அடியில் ஒளிந்திருந்த முதல் வெள்ளை நிறத்தை நீ சுரண்டிக் காட்டினாய். அதன் இலக்கத்தை நான் பட்டியலில் கண்டுபிடித்தேன். கொழும்புப் பழங்கார்க் கழகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதும் வருவதைப் படிப்பதும் என் வேலையாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்காரருக்கு ஒரே பாடத்தை இருபது வருடமாகப் படிப்பித்த எனக்கு, என் ஆங்கிலம் முதல்முறையாக எதற்கோ பயன்பட்டது. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் சந்தோஷத்துக்கு உள்ளே இருந்துகொண்டுதான் இதைச் செய்தேன்.

கழகத்திலிருந்து எங்களுக்குத் தெரியவந்தது இதுதான். எண்பத்து மூன்றுக்கு முன்னர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளுக்குள்ளால் ஒரு கார் ரலி ஓடினார்கள். ஒரே குழு இரண்டு வெள்ளை லான்சர்களை ஒரே கராஜில் ஒரே மாதிரித் தயார் செய்து இறக்கியது. ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டது. மற்றது உடைந்தும் ஓடி முடித்தது. கிடைத்த படங்களில் நம்பர் தகட்டைச் சேறு மறைத்திருந்தது. எது முடித்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இரண்டில் ஒன்று கொழும்பில் ஒருவரிடம் இருக்கிறது. தன்னுடையதுதான் முடித்த கார் என்று தகப்பன் சொன்னதை அவர் நம்புகிறார். மற்றது உன்னிடம் வந்தது. உன்னுடையதுதான் முடித்தது என்று உன் மனம் சொன்னது. நீயோ வலது பக்கத்தில் மட்டும்தான் அதை எழுதினாய்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். சிறுபோக அறுவடை முடிந்து உன் அப்பாவும் சித்தப்பாவும் ஓய்வாக இருந்த கிழமை. நீ காரை ஜக்கில் ஏற்றி அடியெல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தாய். "அம்மா, ஓடி வாங்கோ, ஒரு பகிடி காட்டுறன்" என்று கூப்பிட்டாய். நான் கொட்டிலுக்கு வந்தபோது சித்தப்பா ஏற்கெனவே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதென்னடா, கப்பலுக்குப் போட்ட ஒட்டே?"

"காருக்கு ஆரும் ரிவெட் அடிப்பினமே சித்தப்பா? எண்ணிப் பாருங்கோ, ஒன்பது. அதிலயும் எட்டு இரும்பு, ஒண்டு பித்தளை!"

"தோட்டக்காட்டான் ஆரும் செய்திருப்பான். கைக்குக் கிடைச்சதை வச்சு அறைஞ்சு விட்டிருக்கிறான்."

நீ சிரித்தாய். சித்தப்பா தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு நீ என்னைப் பார்த்து, சிரிப்பு அடங்காமலே, ஆனால் உண்மையாகவே கேட்டாய்: "ஆனா ஏனம்மா ஒண்டு மட்டும் பித்தளை? உங்களுக்கு ஏதும் விளங்குதோ?" கரடு தட்டிய தடித்த தகடு. அதன் மேல் இரண்டு வரிசையில் நான்கு நான்காக எட்டு மொட்டுகள். ஓரத்தில், வரிசையை விட்டு விலகி, உன் தூரிகை பட்டு மஞ்சளாகப் பளபளத்த ஒன்பதாவது. எனக்கு விளங்கியது, தம்பி. பார்த்த கணமே விளங்கியது. "எனக்கென்ன தெரியும்? ஆரோ தெரியாதவன் செய்த வேலை. வெட்டி எறிஞ்சிட்டு நீ வடிவா ஒண்டு செய்து போடு" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். நீ உன் வழக்கப்படி நாலு பக்கத்தாலும் படம் எடுத்துவிட்டுக் கிரைண்டரை எடுத்தாய். நெருப்புப் பொறி பறக்கும்போது நான் குசினிக்குள் போய்விட்டேன். அந்தக் கிழமையே பழைய இரும்பு வாங்குகிறவரின் லாண்ட்மாஸ்டர் ட்ரக்டர் பெட்டியில் அந்தத் தகடும் போய்விட்டது.

அந்த வேலையைச் செய்தவர் என் அப்பா. உன் அம்மப்பா, இராமையா. அவர் கண்டிப் பக்கம் ஒரு கொம்பனியில் ஃபிட்டராக இருந்தவர் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். ஃபிட்டர் என்பது உண்மை. கொம்பனி இல்லை, தேயிலைத் தோட்டத்து பெக்டரி. நாங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தோம்; சித்தப்பா இகழ்ந்து சொன்ன தோட்டக்காட்டான் என்றால் அது நாங்கள்தான். என் அம்மா கொழுந்து எடுத்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் லொறியில் ஏறி வன்னிக்கு வந்து நெடுங்கேணிக்கு அங்கால் காட்டோரத்தில் குடிசை போட்டபோது எனக்கு ஐந்து வயது. அந்தக் காரின் கதையை அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வார். நான் அதை நூறு தரம் கேட்டிருப்பேன்.

"அந்தக் காரு வந்து நின்னுச்சு பாரு, பின்னாடி ஒடிஞ்ச கோழிக்காலு மாதிரி தொங்குது. ரெண்டு தொரமாரு, தலையெல்லாம் சேறு. வெல்டிங் கேஸ் தீந்து மூணு நாளாச்சு. சரி, ரிவெட்டு அடிக்கிறேன்னு சொல்லி ஒம்பது ஓட்டை போட்டுட்டேன். டப்பாவுல பாத்தா எட்டுதான் இருக்கு!"

"எண்ணிட்டு ஓட்டை போட மாட்டீங்களா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கேட்பார்.

"அவசரம்டி! அப்புறம் கொழுந்து அரைக்கிற மேசையில இருந்து ஒரு பித்தளை ஆணியைக் கழட்டி, தலையை அடிச்சு உருட்டி விட்டேன். தோட்டத்து பெரிய தொர கண்டிருந்தாருன்னா, அன்னைக்கே வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். அந்தக் காரு முடிச்சுச்சா என்னான்னு ஒருத்தனும் வந்து சொல்லல."

முடித்ததா என்று தெரியாமலேயே அவர் போய்ச் சேர்ந்தார்.

என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்லவிடு. அது நியாயம் ஆகாது என்று தெரிந்தும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். "எங்க, இன்னொருக்காச் சொல்லு" என்று சுற்றி நின்று கேட்பார்கள். பத்து வயதுக்குள் அவர்களைப் போலவே கதைக்கப் பழகிவிட்டேன். பிறகு வீட்டுக்குள்ளும் அப்படியே கதைத்தேன். அப்பா "என்னாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்பார்; நான் "ஓம், சாப்பிட்டிட்டன்" என்பேன். அவருக்கு அதில் பெருமையாகவும் இருந்தது, வேறு என்னவாகவோவும் இருந்தது. நான் ஆங்கிலத்தைப் பாடமாக எடுத்ததற்கும் இதுதான் காரணம். ஆங்கிலத்தில் நான் எந்தப் பக்கத்து ஆள் என்று இங்கே எவருக்கும் தெரியாது. உன் அப்பாவைக் கலாசாலையில் சந்தித்து, அவருடைய வீட்டில் பெரிய சண்டை நடந்து, கடைசியில் உன் அப்பம்மா சம்மதித்தபோது என்னைக் கூப்பிட்டு இருத்தி ஒரே ஒரு சொல் சொன்னா. "பிள்ளை, உங்கட அப்பா கலியாணத்துக்கு வரட்டும். கனக்கக் கதைக்காமல் இருந்தாச் சரி." அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணிக்கு வந்து குடியேறின ஆக்கள்; வருகிற சொந்தக்காரர் என்ன நினைப்பார்கள் என்று அவாவுக்குப் பயம். மாமியில் மட்டும் பழி போட மாட்டேன். அவா அதை என்னிடம்தான் சொன்னா. அப்பாவிடம் கொண்டுபோய்ச் சொன்னது நான். அவர் தலையாட்டினார். கலியாணத்தன்று காலையிலிருந்து பின்னேரம் வரை புது வேட்டியோடு ஒரு கதிரையில் இருந்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவருக்கும் கையால்தான் காட்டினார்.

உனக்கு ஐந்து வயதில், பள்ளி விடுமுறைக்குப் பத்து நாள் அவரிடம் விட்டிருந்தேன். திரும்பி வந்து, அப்பம்மாவுக்கு முன்னால் துள்ளிக் குதித்துக்கொண்டு, "நான் தாத்தா வூட்டுல கோழி புடிச்சேன்!" என்றாய். உன் கன்னத்தில் அறைந்தேன். ஏன் அடித்தேன் என்று உனக்கு விளங்கவில்லை. கோழியைப் பிடித்தது பிழை என்று நினைத்தாய். இனிமேல் கோழி பிடிக்கமாட்டேன் என்று விக்கி விக்கிச் சத்தியம் பண்ணினாய். அதற்குப் பிறகு உன்னை அங்கே விடவில்லை. அவர்தான் மாங்குளத்தில் பஸ் மாறி, பையில் மரவள்ளிக்கிழங்கோடு வருவார். நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாய். அடித்தது நினைவில் இல்லாவிட்டாலும் அவர் வந்தால் அம்மாவின் முகம் மாறும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. நீ ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் அவர் நோய்ப்பட்டு இறந்தார். செத்த வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், பரீட்சை என்று சொல்லி அன்று பின்னேரமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அன்று உனக்குப் பரீட்சை இருக்கவில்லை.

இதெல்லாம் பழைய வெட்கம். இதோடு நின்றிருந்தால் நான் சத்தமில்லாமல் கிடந்து செத்திருப்பேன். தகடு வெட்டிப் போய் ஆறு கிழமை கழித்து என் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ரலியில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து வரைபடம் பார்த்து வழி சொன்னவர் எழுதியிருந்தார். எண்பது தாண்டிய மனிதர், கொழும்பில் மகளோடு இருக்கிறார். எங்களைப் பற்றிக் கழகத்தில் கேள்விப்பட்டாராம். அவருடைய கார்தான் ஓடி முடித்தது. ஒரு தோட்டத்துக்குள் பின் ஸ்பிரிங் உடம்போடு பிய்ந்துபோக, தேயிலை பெக்டரியில் ஒரு இளைஞன் இரண்டு மணி நேரத்தில் தகடு வைத்து ரிவெட் அடித்துக் கொடுத்தான் என்றும், எட்டு இரும்பு, ஒன்று பித்தளை என்றும், உங்கள் மகனிடம் இருப்பது அந்தக் கார்தான் என்றால் அது இன்னும் அங்கே இருக்கும், தயவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு வரி. "அந்த இளைஞனின் பெயரை நாங்கள் கேட்கவில்லை. இத்தனை வருடமாக அது என்னை உறுத்துகிறது. அவரை அறிந்தவர்கள் யாராவது உங்கள் பக்கத்தில் இருக்கிறார்களா?" ஒரு படமும் வைத்திருந்தார். கார் பின்பக்கம் உயர்ந்து ஜக்கில் நிற்கிறது. முன் சில்லின் அருகே கடிதம் எழுதிய மனிதர் சேற்றோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின் சில்லின் அருகே, காக்கிக் காற்சட்டையோடு, கையில் சுத்தியலோடு, கமராவைப் பார்த்து முழங்காலில் இருப்பது அப்பா. அவருக்கு அப்போது முப்பது வயது இருக்காது. நான் அவரை அவ்வளவு இளமையாகக் கண்டதே இல்லை.

கார் முடித்துவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு ஆள் இருக்கவில்லை. நீ கொட்டிலில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாய், கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் கூப்பிடவில்லை. உன்னை நானே அந்தத் தகட்டை வெட்ட வைத்தேன் என்று தெரிந்தால் உனக்கு நெஞ்சு உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை மாதிரி இருந்தது, ஆனால் அது காரணம் இல்லை. படத்தைக் கண்டால் இது யார் என்று கேட்பாய், மூக்கும் நெற்றியும் உன்னுடையது போலவே இருக்கிறது, சித்தப்பாவும் எட்டிப் பார்ப்பார், அதுதான் காரணம். படத்தைப் போனில் வைத்துப் பின் பாதியை வெட்டினேன். முன் பாதியை உனக்கு அனுப்பி, "ஆரோ ஒரு வயசானவர் அனுப்பியிருக்கிறார், அவருக்கு வேற ஒண்டும் நினைவில்லையாம்" என்றேன். நீ அந்த அரைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சேற்றுக்குள் ஒரு இலக்கமாவது தெரியாதா என்று கிழமைக் கணக்காகத் தேடினாய். "முன்பக்கம் கொஞ்சம் தாழ நிக்குதம்மா. ஏன் அப்பிடி நிக்குது?" என்று கேட்டாய். மேடு பள்ளமாக இருக்கும் என்றேன். உன்னுடைய கண் அவ்வளவு சரியாகக் கண்டது. நான் அந்தக் கண்ணையும் பொய்யாக்கினேன்.

அந்த மனிதருக்குப் பதிலும் எழுதினேன். "என் மகனிடம் உள்ள காரில் அப்படி ஒரு தகடு இல்லை." நான் எழுதியதில் இதைவிடச் சுத்தமான வசனம் இல்லை. அன்றைய தேதிக்கு ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெயரைக் கேட்டதற்கு ஒன்றுமே எழுதவில்லை. அவர் நன்றி சொல்லி, மன்னிப்பும் கேட்டு, கழகத்துக்குத் தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டார். அப்படியானால் கொழும்பில் இருப்பதுதான் தன்னுடைய கார் என்று. அதன் அடித்தகடு எப்போதோ புதிதாக மாற்றப்பட்டதால் அதில் தேட எதுவும் இல்லையாம். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவர்களுடைய இணையப் பக்கத்தில் எவரோ "வன்னியில் ஒரு போலி" என்று உன் காரின் படத்தைப் போட்டு எழுதினார்கள். கீழே ஆயிரம் பகிடி. தங்கள் பழங்காரை உன்னிடம் திருத்தத் தருவதாக இருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நீ யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. கொப்பியை எடுத்து, வலது பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒரு கோடு போட்டு வெட்டினாய். கொட்டில் வாசலில் இருந்த உன் கராஜ் பெயர்ப் பலகையைக் கழற்றி உள்ளே சாத்தி வைத்தாய். "விடுங்கோம்மா, நான்தான் பிழை" என்று என்னைத் தேற்றினாய். நீ என்னைத் தேற்றினாய், தம்பி. நான் தேறின மாதிரி இருந்து காட்டினேன்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தாய் என்றால் எதையாவது சொல்லாமல் கடிதத்தை முடிக்க வராது. ஒரு பழங்காரின் அடியில் அலங்கோலமான ஒட்டு ஒன்றைக் கண்டால், செய்தவனுக்கு என்ன தெரியாது என்று பார்க்காதே. அன்றைக்கு அவன் கையில் என்ன இல்லை என்று முதலில் பார். நீ அதைச் செய்யத்தான் போனாய். ஏன் ஒன்று மட்டும் பித்தளை என்று சரியான கேள்வியைக் கேட்டாய். உனக்கு நடந்த பிழை, அதை என்னிடம் கேட்டதுதான். மிக விரைவாகப் பதில் சொல்கிறவர்களை நம்பாதே, அது உன் அம்மாவாக இருந்தாலும். இன்னொன்று. நீ வெட்டுவதற்கு முன் எடுத்த நாலு படங்களும் உன் போனில் இன்னும் இருக்கின்றன, தேதியோடு. அழிக்காதே. அதில் எட்டும் ஒன்றும் தெளிவாகத் தெரியும். வெட்டாத முழுப் படத்தையும் அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் உன் கார் எது என்பதில் சந்தேகம் வராது. நீ இடது பக்கத்தில் எழுதலாம்.

இனி நான் என்ன செய்யப்போகிறேன் என்று எழுதுகிறேன். இதை நான் இன்னும் எவருக்கும் சொல்லவில்லை, உன் அப்பாவுக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் கழகத்துக் கண்காட்சி. அந்த மற்றக் காருக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அன்று நான் அங்கே போவேன். போய், என் பதில் பொய் என்றும், தகட்டை வெட்டச் சொன்னது நான் என்றும், ரிவெட் அடித்தவர் பெயர் இராமையா, நான் அவர் மகள் என்றும் எல்லாருக்கும் முன்னால் சொல்வேன். மண்டபத்தில் எவராவது சிரித்தால் சிரிக்கட்டும். அது எனக்கு லேசு, ஏனென்றால் அதை ஆங்கிலத்தில் சொல்லலாம். நீ கத்தாருக்குப் போவதும் நிற்பதும் உன் விருப்பம். என்னை மன்னிப்பதற்காக நில் என்று கேட்கமாட்டேன், போ என்றும் சொல்லமாட்டேன். உன் பெயரில் பொய்க்காரன் என்ற அழுக்கோடு மட்டும் உன்னை விமானம் ஏறவிட மாட்டேன்.

ஆனால் அதற்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம். நீ வந்து இதை வாசித்திருப்பாய். உன் அப்பா, சித்தப்பா, அப்பம்மா எல்லாரும் சாப்பாட்டுக்கு இருப்பீர்கள். நான் கறிச்சட்டியை வைத்துவிட்டு உட்காராமல் நின்று, அந்தக் காரின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன், என் அப்பா சொன்னபடியே, எங்கள் வீட்டுத் தமிழிலேயே. நான் அதைப் பேசி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. வாயில் வருமோ தெரியவில்லை. நீ மட்டும் சாப்பாட்டை விட்டு எழும்பாமல் இரு.

அம்மா